அளந்து தேர்வோம் மின்கலத்தை

நுழையும் முன்

மின்சாரம் தடைப்பட்ட அடுத்த நொடியில் வீட்டின் மூலையில் இருக்கும் ஒரு பெட்டி ஒலி எழுப்புகிறது. மின்விசிறி நிற்காமல் சுழல்கிறது. படிப்பு மேசையின் விளக்கு அணையாமல் ஒளிர்கிறது. அந்தப் பெட்டிக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அது எவ்வளவு நேரம் நீடிக்கும்? அதற்குரிய மின்கலத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. மின்சாரம் நின்ற இரு நாள்கள்

2012ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் அதிகாலையில் வட இந்திய மின்தொகுப்பு செயலிழந்தது. அது சீர்செய்யப்பட்ட மறுநாளே நண்பகலில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று மண்டலங்களின் மின்தொகுப்புகளும் ஒருங்கே செயலிழந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் நின்றது. தில்லியில் மெட்ரோ வண்டிகள் நின்றன. சாலைச் சந்திப்புகளில் போக்குவரத்து விளக்குகள் அணைந்தன. மேற்கு வங்காளத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் மின்தூக்கிகள் இயங்காமையால் தொழிலாளர்கள் நிலத்தடியில் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்டனர்.

அத்தகைய வேளையில் மருத்துவமனைகளுக்கு டீசல் மின்னாக்கிகள் கைகொடுக்கின்றன. ஆயினும் மின்னாக்கி இயங்கத் தொடங்குவதற்குச் சில நொடிகளாவது ஆகும். அறுவைக்கூடத்திலும் தீவிர மருத்துவப் பிரிவிலும் அந்தச் சில நொடிகளும் விலைமதிப்பற்றவை. அந்த இடைவெளியை நிரப்புபவை மின்கலங்களே. மருத்துவமனை, வங்கி, தொலைபேசி நிலையம், வீடு என எங்கும் மின்கலம் செய்யும் பணி ஒன்றுதான்: மின்சாரம் இருக்கும்போது ஆற்றலைச் சேமித்து வைத்து, இல்லாதபோது திருப்பித் தருவது.

2. தடையில்லா மின்வழங்கி

இப்பணிக்காக அமைக்கப்பட்ட கருவியைத் தடையில்லா மின்வழங்கி என்பர். வழக்கில் இது யு.பி.எஸ். எனப்படுகிறது. இதில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது மின்னேற்றி. இந்திய வீடுகளுக்கு 230 வோல்ட் அளவில் மாறுதிசை மின்னோட்டம் வருகிறது. மின்கலமோ நேர்திசை மின்னோட்டத்தை மட்டுமே ஏற்கும். ஆகவே, மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றி மின்கலத்தை நிரப்புவது மின்னேற்றியின் வேலை. இரண்டாவது உறுப்பு மின்கலம். மூன்றாவது இன்வெர்ட்டர். மின்கலம் தரும் நேர்திசை மின்னோட்டத்தை மீண்டும் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றிக் கருவிகளுக்கு இது வழங்குகிறது.

வீடுகளில் 'இன்வெர்ட்டர்' என்று அழைக்கப்படும் பெரிய கருவியிலும் இம்மூன்று உறுப்புகளும் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மின்மாற்றம் நிகழும் விரைவிலும், தாங்கும் நேரத்திலும் அமைந்துள்ளது. கணினிக்குரிய யு.பி.எஸ். ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு அளவில் மின்கலத்திற்கு மாறிவிடும். ஆதலால் கணினி அணைவதில்லை. ஆனால் அதன் மின்கலம் சிறியது. சில நிமிடங்களே தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரின் மின்கலம் பெரியது. சில மணி நேரம் தாங்கும்.

இவற்றுள் எதுவாயினும், அதன் உயிர்நாடி மின்கலமே. நல்ல இன்வெர்ட்டருடன் பொருந்தாத மின்கலத்தை இணைப்பது, பெரிய குடும்பத்திற்குச் சிறிய குடத்தில் நீர் பிடித்து வைப்பதைப் போன்றது.

3. மின்கலத்தின் உள்ளே

இத்தாலிய அறிவியலாளர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1800ஆம் ஆண்டில் தம் மின்கல அடுக்கை உலகிற்கு அறிவித்தார். அதிலிருந்த வேதிப்பொருள் தீர்ந்ததும் அது பயனற்றுப் போயிற்று. மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்க காரீய அமில மின்கலத்தைப் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் உருவாக்கினார். 1881ஆம் ஆண்டில் கமீல் ஃபோர் என்பவர் தகடுகளின்மேல் காரீய ஆக்சைடு பசையைப் பூசி அதன் கொள்திறனை உயர்த்தினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் இந்திய வீடுகளின் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் காணப்படுவது இவ்வகை மின்கலமே.

12 வோல்ட் மின்கலப் பெட்டியினுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும் தனி மின்கலமாகும். ஆறும் தொடராக இணைவதால் 12 வோல்ட் கிடைக்கிறது. இவ்வாறு பல மின்கலங்கள் சேர்ந்த தொகுதியை மின்கல அடுக்கு என்பர். பேச்சுவழக்கில் அதனைப் பேட்டரி என்றும், சுருக்கமாக மின்கலம் என்றும் கூறுவர். இப்பாடத்தில் மின்கலம் என்னும் சொல் அப்பெட்டி முழுவதையும் குறிக்கும்.

ஒவ்வோர் அறையிலும் இருவகைத் தகடுகள் உண்டு. நேர்மின் தகட்டில் காரீய டை ஆக்சைடும், எதிர்மின் தகட்டில் காரீயமும் இருக்கின்றன. இரண்டையும் சூழ்ந்து நீர்த்த கந்தக அமிலம் நிற்கிறது. மின்கலம் மின்னோட்டம் தரும்போது இருவகைத் தகடுகளும் சிறிது சிறிதாகக் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. மின்னேற்றம் செய்யும்போது இவ்வினை திரும்புகிறது. தகடுகள் பழைய நிலையை அடைகின்றன; அமிலமும் செறிவு பெறுகிறது.

ஆகவே, அமிலத்தின் ஒப்படர்த்தியை அளந்தால் மின்கலத்தின் நிலையை அறியலாம். முழு மின்னேற்றம் பெற்ற மின்கலத்தில் அது 1.24 முதல் 1.28 வரை இருக்கும். மின்னிறக்கம் ஆக ஆக அம்மதிப்பு குறையும். மின்கலப் பணியாளர்கள் கண்ணாடிக் குழாயுள் மிதவை கொண்ட நீர்மமானியைப் பயன்படுத்துவது இதற்காகவே.

மின்னேற்றம் செய்யாமல் நெடுநாள் விட்டுவிட்டால் காரீய சல்பேட்டு கடினமான படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றம் செய்தாலும் அது முழுமையாகக் கரையாது. மின்கலங்கள் விரைவில் பழுதாவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று.

4. எண்கள் கூறும் செய்தி

மின்கலப் பெட்டியின்மேல் '12 வோல்ட், 150 ஆம்பியர்–மணி' என்பது போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். வோல்ட் என்பது மின்னழுத்தத்தின் அளவு. ஆம்பியர்–மணி என்பது கொள்திறனின் அளவு. இரண்டையும் பெருக்கினால் மின்கலத்தில் உள்ள ஆற்றல் வாட்–மணி அளவில் கிடைக்கும். 12 வோல்ட்டை 150 ஆம்பியர்–மணியால் பெருக்க 1800 வாட்–மணி வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பல மின்கலங்களில் அவ்வெண்ணின் அருகே 'சி 20' என்ற குறியீடு காணப்படும். மின்கலத்தை 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலிசெய்தால் மட்டுமே அந்த அளவு கிடைக்கும் என்பது அதன் பொருள். 150 ஆம்பியர்–மணி மின்கலம் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மின்னோட்டம் தரும். அதிலிருந்து 40 ஆம்பியர் எடுத்தால் மொத்தமாகக் கிடைப்பது 150 ஆம்பியர்–மணியைவிடக் குறைவாகவே இருக்கும். விரைவாக மின்னோட்டத்தை எடுக்கும்போது தகட்டின் நுண்துளைகளுக்குள் புது அமிலம் ஊடுருவிச் செல்ல நேரம் போதாது. தகட்டின் மேற்பரப்பு வினைபுரிந்து ஓய்ந்துவிட, உட்பகுதி பயன்படாமலே தங்கிவிடுகிறது.

சிறிய கணினி யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்–மணி மின்கலம் இருக்கும். அதன் ஆற்றல் 84 வாட்–மணி. 120 வாட் எடுக்கும் கணினியை அது 42 நிமிடம் இயக்கும் என்று வாய்பாடு கூறும். நடைமுறையில் அதில் பாதி நேரம்கூடக் கிடைப்பது அரிது. மின்மாற்றத்தில் ஏற்படும் இழப்பும், விரைவாக எடுப்பதால் ஏற்படும் குறைவுமே அதற்குக் காரணம். எனவே, எழுதிய கோப்பைச் சேமித்து, கணினியை முறையாக நிறுத்துவதற்குரிய அவகாசம் தருவதே அச்சிறு மின்கலத்தின் பணி எனக் கொள்ள வேண்டும்.

யு.பி.எஸ். மீதும் இன்வெர்ட்டர் மீதும் 'வோல்ட்–ஆம்பியர்' என்ற வேறோர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். அது அக்கருவி ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதைக் காட்டுகிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் காட்டுவதில்லை. நேரத்தைத் தீர்மானிப்பது மின்கலம்.

5. ஒரு வீட்டுக் கணக்கு

தில்லியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவ்வீட்டுப் பாட்டிக்கு நுரையீரல் நோய். மருத்துவர் அறிவுரைப்படி, காற்றிலிருந்து உயிர்வளியைப் பிரித்துச் செறிவூட்டித் தரும் கருவியை அவர் பயன்படுத்துகிறார். கோடையில் அப்பகுதியில் இரண்டு மணி நேரம்வரை மின்வெட்டு ஏற்படுவது உண்டு. உயிர்வளி உருளை ஒன்றும் வீட்டில் உள்ளது. ஆயினும் ஒவ்வொரு மின்வெட்டிலும் அதனையே நம்பினால் அவசர வேளைக்கு அது மிஞ்சாது. ஆதலால் புதிய இன்வெர்ட்டரும் மின்கலமும் வாங்கக் குடும்பத்தினர் முடிவு செய்தனர்.

கடையில் 100 ஆம்பியர்–மணி மின்கலம் விலை குறைவாகக் கிடைத்தது. தந்தை அதனையே வாங்க எண்ணினார். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள், "அப்பா, பாட்டிக்கு எவ்வளவு தேவை என்று முதலில் கணக்கிட்டுப் பார்த்துவிடலாமே!" என்றாள். இருவரும் தாளும் எழுதுகோலும் எடுத்து அமர்ந்தனர்.

முதற்படி, சுமையைக் கூட்டுதல். மின்சாரம் நின்றபோது கட்டாயம் இயங்க வேண்டியவற்றை மட்டும் அவர்கள் பட்டியலிட்டனர். உயிர்வளிக் கருவி 300 வாட். மின்விசிறி ஒன்று 70 வாட். விளக்குகள் இரண்டு 20 வாட். இணைய இணைப்புக் கருவி 10 வாட். மொத்தம் 400 வாட்.

இரண்டாம் படி, நேரத்தால் பெருக்குதல். 400 வாட்டை 2 மணியால் பெருக்க 800 வாட்–மணி.

மூன்றாம் படி, இழப்பைச் சேர்த்தல். மின்கலம் தரும் ஆற்றலில் ஏறத்தாழ 80 விழுக்காடே இன்வெர்ட்டரைக் கடந்து கருவிகளை அடைகிறது எனக் கொண்டனர். 800ஐ 0.8ஆல் வகுக்க 1000 வாட்–மணி.

நான்காம் படி, ஆம்பியர்–மணியாக மாற்றுதல். 1000ஐ 12ஆல் வகுக்க ஏறத்தாழ 83 ஆம்பியர்–மணி.

"83தானே வேண்டும்? 100 போதுமே!" என்றார் தந்தை. மகளோ பெட்டியின்மேல் இருந்த 'சி 20' குறியீட்டைச் சுட்டிக்காட்டினாள். 400 வாட் சுமைக்கு மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 42 ஆம்பியர் செல்ல வேண்டும். அவ்வளவு விரைவாக எடுத்தால் 100 ஆம்பியர்–மணி மின்கலம் 100ஐத் தராது. மேலும், காரீய அமில மின்கலத்தை ஒவ்வொரு முறையும் முற்றிலும் காலிசெய்தால் அதன் ஆயுள் குறையும். பாதியளவோடு நிறுத்தினால் நீண்டநாள் உழைக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்திறனும் தேய்ந்துகொண்டே வரும். இம்மூன்று காரணங்களையும் கருதி, கணக்கில் வந்த 83ஐ இருமடங்காக்கினர். விடை 166. கடையில் கிடைக்கும் அளவுகளுள் அதற்கு மேற்பட்ட 180 அல்லது 200 ஆம்பியர்–மணி மின்கலமே பொருத்தம் என்பது தெளிவாயிற்று.

விலை குறைந்த மின்கலத்தை வாங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? முதல் நாளில் குறை எதுவும் தெரிந்திராது. சிறு மின்வெட்டுகளை அது எளிதில் கடந்திருக்கும். நீண்ட மின்வெட்டு வரும் நாளில், இரண்டு மணி நேரம் முடிவதற்கு முன்பே உயிர்வளிக் கருவி நின்றிருக்கும். 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்னும் பழமொழி மின்கலத்திற்கும் பொருந்தும். தேவையைவிடச் சிறியது ஆபத்து. தேவையைவிட மிகப் பெரியது வீண்செலவு. அளந்தறிந்து வாங்கியதே சிக்கனம்.

அக்குடும்பத்தினர் மேலும் மூன்று செய்திகளைக் கருத்தில் கொண்டனர். உயிர்வளிக் கருவியினுள் மோட்டார் இருப்பதால், அது இயங்கத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டம் எடுக்கும். ஆகவே, 400 வாட்டைப் போல இருமடங்கு தாங்கக்கூடியதும், சீரான சைன் அலை தருவதுமான இன்வெர்ட்டரைத் தேர்ந்தனர். அடுத்து, மின்கலம் மீண்டும் நிரம்ப எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். காலையில் ஒருமுறை நின்ற மின்சாரம் மாலையில் மீண்டும் நின்றால் மின்கலம் முழுமையாக நிரம்பியிருக்காது. இறுதியாக, உயிர்வளி உருளையைக் கைவிடாமல் எப்போதும் ஆயத்தமாக வைத்தனர். மின்கலம் அவகாசம் தரும் துணையே. மருத்துவர் கூறிய மாற்று ஏற்பாட்டிற்கு ஈடாகாது.

6. எவ்வகை மின்கலம்?

கொள்திறன் முடிவான பின்னர் வகையை முடிவுசெய்ய வேண்டும்.

மகிழுந்தின் மின்கலமும் காரீய அமில வகையே. ஆனால் அதன் தகடுகள் மெல்லியவை. பொறியை இயக்கச் சில நொடிகள் பெரும் மின்னோட்டம் தருவதற்காக அமைந்தவை. அதனை மணிக்கணக்கில் காலிசெய்தால் விரைவில் பழுதாகும். எனவே, அது வீட்டு இன்வெர்ட்டருக்குப் பொருந்தாது.

குழாய்வகை மின்கலம் 'டியூபுலர்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. இதன் நேர்மின் தகட்டில் வேதிப்பொருள் நுண்துளைக் குழாய்களுக்குள் அடைக்கப்பட்டிருக்கும், எளிதில் உதிராது. அடிக்கடி நெடுநேர மின்வெட்டு ஏற்படும் ஊர்களுக்கு இது ஏற்றது. இதற்கு அவ்வப்போது காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். காற்றோட்டமான இடமும் வேண்டும்.

அடைப்புவகைக் காரீய அமில மின்கலத்திற்கு நீர் ஊற்றத் தேவையில்லை. உள்ளே தோன்றும் வளிமம் பெரும்பாலும் மீண்டும் நீராகிவிடும். அழுத்தம் மிகுந்தால் மட்டும் சிறு வால்வு திறக்கும். கணினி யு.பி.எஸ்.களிலும் அலுவலகங்களிலும் இது பயன்படுகிறது. வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் இதற்குக் குறைவு.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் எடை குறைந்தது, விரைவில் மின்னேறும், கொள்திறனில் பெரும்பகுதியைக் காலிசெய்தாலும் தாங்கும். காரீய அமில மின்கலத்தைவிடப் பன்மடங்கு முறைகள் மின்னேற்றி இறக்கலாம். விலை மிகுதி என்பதும், அதற்கென அமைந்த மின்னேற்றி வேண்டும் என்பதும் கருதத்தக்கவை. பழைய இன்வெர்ட்டருடன் இணைக்கும் முன் இரண்டும் பொருந்துமா என்று கேட்டறிய வேண்டும். லித்தியம் அயனி மின்கலங்களை உருவாக்கிய பணிக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எவ்வகையாயினும், உற்பத்தி செய்யப்பட்ட மாதத்தைப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் நெடுநாள் மின்னேற்றமின்றிக் கிடந்த மின்கலம் வாங்கும்போதே தன் ஆயுளில் ஒரு பகுதியை இழந்திருக்கும். இரண்டு மின்கலங்களை இணைக்கும் வீடுகளில் புதியதையும் பழையதையும் கலந்து இணைத்தல் கூடாது.

7. பேணும் முறை

வெப்பம் மின்கலத்தின் பகை. காரீய அமில மின்கலங்கள் 25 பாகை செல்சியசு வெப்பநிலையைக் கருதி வடிவமைக்கப்படுகின்றன. அதற்குமேல் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுவிதி. தில்லியிலும் நாகபுரியிலும் கோடை வெப்பம் 45 பாகையை எட்டும். ஆகவே, வெயில் படும் மாடத்தில் மின்கலத்தை வைத்தல் தவறு. கடுங்குளிர் நிலவும் லடாக் போன்ற பகுதிகளிலோ வேறொரு தொல்லை உண்டு. மின்னிறக்கம் ஆன மின்கலத்தில் அமிலம் நீர்த்திருப்பதால் அது உறைந்து பெட்டியை வெடிக்கச் செய்யும்; முழு மின்னேற்றத்தில் இருந்தால் எளிதில் உறையாது.

மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வளிமம் வெளிப்படும். அது எளிதில் தீப்பற்றும். எனவே, மின்கலத்தைப் பூசையறை விளக்கின் அருகிலோ, அடைத்த அலமாரியிலோ வைத்தல் கூடாது. நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும்; குழாய்நீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தைக் கூடுதலாக ஊற்றுதல் ஒருபோதும் கூடாது. இப்பணிகளைக் கையுறையும் கண்காப்பும் அணிந்த பெரியவர்களே செய்ய வேண்டும். சிறுவர்கள் மின்கலத்தைத் திறக்கவோ தொடவோ கூடாது. அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே மிகுதியான நீரால் கழுவி மருத்துவரை நாட வேண்டும்.

8. பயன் முடிந்த பின்

பழைய மின்கலத்தில் உள்ள காரீயம் நஞ்சு. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவுவரை தீங்கில்லை என்று கூறத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. முறையற்ற இடங்களில் மின்கலங்களை உடைத்து உருக்கும்போது காரீயத் துகள்கள் காற்றிலும் மண்ணிலும் கலக்கின்றன. அங்கே விளையாடும் குழந்தைகளே முதலில் பாதிக்கப்படுகின்றனர். முறையாக மறுசுழற்சி செய்தாலோ, அதே காரீயம் புதிய மின்கலமாக மீண்டும் பிறக்கும்.

இதனைக் கருதி, இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு அவ்விதிகளால் வழங்கப்பட்டுள்ளது. பழைய மின்கலத்தைப் பிற குப்பையோடு கலக்காமல் உரிய இடத்தில் ஒப்படைப்பது மக்களின் கடமை. புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழிவு பெறும் வழக்கமும் உண்டு. சில நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று அதனை முன்பின் அறியாதவரிடம் விற்பது, எங்கோ வாழும் ஒரு குழந்தைக்குத் தீங்கிழைப்பதாகும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் இதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், பொங்கல் காலத்தில், நிறுவனம் திறக்கப்பட்டது. மின்கலங்கள், அரிமானத் தடுப்பு முதலிய துறைகளில் இங்கு ஆய்வுகள் நடைபெறுகின்றன.

சொல்லும் பொருளும்

மின்தொகுப்பு – பல மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் வலையமைப்பு
மின்னாக்கி – மின்சாரம் உண்டாக்கும் பொறி
கொள்திறன் – சேமித்து வைக்கக்கூடிய அளவு
ஒப்படர்த்தி – நீரோடு ஒப்பிட்டுக் கூறும் அடர்த்தி
செறிவு – கரைசலில் ஒரு பொருள் கலந்திருக்கும் அளவு
உயிர்வளி – ஆக்சிஜன்
அவகாசம் – செயல்படுவதற்குக் கிடைக்கும் நேரம்
அரிமானம் – உலோகம் அரிக்கப்படுதல்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. காரீய அமில மின்கலத்தை உருவாக்கியவர் (வோல்ட்டா, பிளாந்தே, ஃபோர்).
2. 12 வோல்ட் காரீய அமில மின்கலத்தில் உள்ள அறைகளின் எண்ணிக்கை (மூன்று, ஆறு, பன்னிரண்டு).
3. மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அறிய உதவும் அளவு (வோல்ட், வோல்ட்–ஆம்பியர், வாட்–மணி).

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. மின்கலத்தில் ஊற்றத்தக்கது ________ நீர்.
2. மின்னேற்றத்தின்போது வெளிப்படும் வளிமம் ________.
3. மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ள ஊர் ________.

இ. பிரித்து எழுதுக.

மின்னேற்றம், ஒப்படர்த்தி, காற்றோட்டம், தடையில்லா, ஒவ்வோர்

ஈ. குறுவினா

1. தடையில்லா மின்வழங்கியின் மூன்று உறுப்புகள் யாவை?
2. 'சி 20' என்னும் குறியீடு எதனை உணர்த்துகிறது?
3. மகிழுந்தின் மின்கலம் வீட்டு இன்வெர்ட்டருக்குப் பொருந்தாதது ஏன்?

உ. சிறுவினா

1. கணக்கில் வந்த 83ஐக் குடும்பத்தினர் இருமடங்காக்கியதற்குரிய காரணங்களை விளக்குக.
2. வெப்பமும் குளிரும் மின்கலத்தை எவ்வாறு பாதிக்கின்றன?

ஊ. கணக்கிட்டு எழுதுக.

எடுத்துக்காட்டுக் குடும்பம் 70 வாட் மின்விசிறிக்கு மாற்றாக 30 வாட் மின்விசிறியைப் பொருத்துகிறது. நான்கு படிகளையும் மீண்டும் செய்து, தேவைப்படும் ஆம்பியர்–மணியைக் காண்க. இருமடங்காக்கினால் எந்த அளவு மின்கலம் போதுமானது?

எ. மொழியோடு விளையாடு

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்னும் பழமொழியின் பொருளை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அது பொருந்தும் வேறொரு நிகழ்வை ஐந்து தொடர்களில் எழுதுக.

ஏ. சிந்தித்து எழுதுக.

பழைய மின்கலத்தை அண்டை வீட்டார் முகவரி அறியாத ஒருவரிடம் விற்க முற்படுகிறார். அவர் மனம் கோணாமல், உரிய இடத்தில் ஒப்படைக்குமாறு வேண்டி ஒரு கடிதம் எழுதுக.

கற்பவை கற்றபின்

வீட்டில் மின்சாரம் நின்றபோதும் இயங்க வேண்டிய கருவிகளைப் பட்டியலிடுக. ஒவ்வொன்றின்மேலும் குறிக்கப்பட்டுள்ள வாட் அளவைப் பெரியவர் ஒருவரின் துணையோடு படித்தறிந்து கூட்டுக. அவ்வீட்டு மின்கலம் அச்சுமையை எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்கிட்டு வகுப்பில் கூறுக.